விக்கிரமாதித்தன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதாளமும் முப்பத்திரண்டு பதுமைகளும் ஒரு பக்கம், கி.மு. 57-இல் தொடங்கும் ஆண்டுக்கணக்கு மறுபக்கம். இரண்டுக்கும் சொந்தக்காரன் ஒரே ஆள் என்பதுதான் வழிவழியாக வரும் நம்பிக்கை. அந்த ஆளைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

விக்கிரமாதித்தன் என்று ஓர் அரசன் உண்மையிலேயே இருந்தானா?

கி.மு. முதல் நூற்றாண்டில் உஜ்ஜயினியை ஆண்டு, வடமேற்கிலிருந்து வந்த சகர்களை விரட்டிய விக்கிரமாதித்தன் ஒருவனைக் காட்டும் அந்தக் காலத்துக் கல்வெட்டு ஒன்றுகூட இல்லை. ஐயத்துக்கு இடமில்லாத நாணயமும் இல்லை. அவனைப் பற்றி விரிவாகப் பேசும் நூல்கள் எல்லாம் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்டவை. பழைய குறிப்புகளில் ஒன்று காதா சப்தசதியில் வருகிறது. சாதவாகன மன்னன் ஹாலன் தொகுத்ததாகச் சொல்லப்படும் பிராகிருதக் காதல் பாடல்கள் அவை. அதில் ஒரு பாட்டு விக்கிரமாதித்தனை அள்ளிக் கொடுப்பவனாகப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறது. ஆனால் அந்தத் தொகுப்பில் பின்னாளிலும் பாடல்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. அதை வைத்துக்கொண்டு காலத்தை அடித்துச் சொல்ல முடியாது.

இருந்தான் என்று வாதிட்ட வரலாற்றாசிரியர்களும் உண்டு, ராஜ்பலி பாண்டே அவர்களில் முக்கியமானவர். கல்வெட்டு அறிஞர் டி.சி. சர்க்கார் எதிர்ப்பக்கம் நின்றார்: குப்த மன்னர் இரண்டாம் சந்திரகுப்தருக்கு முன்னால் அப்படி ஒரு விக்கிரமாதித்தன் கிடையாது என்பது அவர் முடிவு. என் மனம் சர்க்கார் பக்கம்தான் சாய்கிறது. அதற்காக ‘கட்டுக்கதை’ என்று மூடி வைத்துவிட்டால் சுவையான பகுதியே போய்விடும். எத்தனையோ நிஜ அரசர்கள் இந்தப் பெயருக்கு ஆசைப்பட்டுப் பட்டமாகச் சூட்டிக்கொண்டிருக்கிறார்கள். புகழ் முதலில் வந்துவிட்டது, அதற்குப் பொருத்தமான ஆளைத்தான் இரண்டாயிரம் ஆண்டாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் விக்கிரம சகாப்தம் எங்கிருந்து வந்தது?

கி.மு. 57-இல் தொடங்கும் கணக்கு உண்மையானது, பழமையானது. சிக்கல் அதன் பெயரில் இருக்கிறது. ராஜஸ்தானத்தில் நந்தசா என்ற இடத்து வேள்வித்தூண் கல்வெட்டு இந்தக் கணக்கில் 282-ஆம் ஆண்டைக் குறிக்கிறது, அதாவது கி.பி. 225-ஐ ஒட்டி. அதில் விக்கிரமன் பெயர் இல்லை. ‘கிருத’ ஆண்டு என்றுதான் இருக்கிறது. அடுத்து வந்த கல்வெட்டுகள் இதையே மாளவர்களின் ஆண்டு என்கின்றன. மந்தசோரில் பட்டு நெசவாளர்கள் கூடிக் கட்டிய சூரியன் கோயிலின் கல்வெட்டு இதற்கு நல்ல சான்று. குஜராத்தின் லாட நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த அந்த நெசவாளர்கள் மாளவ ஆண்டு 493-இல் கோயிலைக் கட்டி, 529-இல் பழுது பார்த்ததாக எழுதி வைத்தார்கள். கி.பி. கணக்கில் 436-உம் 473-உம். அங்கேயும் விக்கிரமன் இல்லை.

அவன் பெயர் இந்தக் கணக்கோடு ஐயமில்லாமல் ஒட்டிக்கொள்வது ஒன்பதாம் நூற்றாண்டில். தோல்பூரில் கிடைத்த சண்டமகாசேனன் என்ற சௌகான் தலைவனின் கல்வெட்டு விக்கிரம ஆண்டு 898 என்கிறது, கி.பி. 842 வாக்கில். ஆக, கணக்கு தொடங்கி ஏறத்தாழ 900 ஆண்டு கழித்துத்தான் உரிமையாளர் பெயர் பலகையில் ஏறியிருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. ஏசஸ் என்ற மன்னனின் பெயரால் காந்தாரப் பகுதியில் வழங்கிய ஓர் ஆண்டுக்கணக்கும் இதுவும் ஒன்றுதான் என்று ஆய்வாளர் பலர் நெடுங்காலம் கருதினார்கள். ஏசஸ் ஒரு சக அரசன்! அது சரியென்றால், சகர்களை வென்ற நினைவாக நாம் கொண்டாடும் ஆண்டு ஒரு சகனே தொடங்கி வைத்தது என்றாகிறது. ஏசஸின் கணக்கு சில ஆண்டுகள் தள்ளித்தான் தொடங்கியது என்று மறுப்பும் வந்திருக்கிறது. வழக்கு முடியவில்லை.

சகர்களை விரட்டியதாகச் சொல்லும் கதை என்ன?

அது சமணர்கள் காத்து வைத்த கதை. காலகாசாரியர் என்ற சமண முனிவரின் தங்கை சரஸ்வதி துறவியாக உஜ்ஜயினியில் இருக்கிறாள். அந்நாட்டு அரசன் கர்த்தபில்லன் அவளைத் தூக்கிப் போய் அந்தப்புரத்தில் அடைத்துவிடுகிறான். முனிவர் கெஞ்சிப் பார்க்கிறார், ஊர்ப் பெரியவர்கள் சொல்லிப் பார்க்கிறார்கள். கேட்கவில்லை. முனிவர் சிந்து நதியைத் தாண்டிப் போய் அங்கிருந்த சகத் தலைவர்களைத் திரட்டிக்கொண்டு வருகிறார். உஜ்ஜயினி வீழ்கிறது, தங்கை மீட்கப்படுகிறாள், சகர்கள் நாட்டை எடுத்துக்கொள்கிறார்கள். சில ஆண்டுக்குப் பின் விக்கிரமாதித்தன் எழுந்து அவர்களை விரட்டித் தன் ஆண்டைத் தொடங்குகிறான். 135 ஆண்டு கழித்து சகர்கள் திரும்பி வந்து தங்கள் ஆண்டைத் தொடங்குகிறார்கள்.

கி.மு. 57-க்கும் சக ஆண்டு தொடங்கும் கி.பி. 78-க்கும் இடையே சரியாக அந்த 135 ஆண்டு இருக்கிறது. வழக்கில் இருந்த இரண்டு கணக்குகளுக்கும் ஒரு காரணம் சொல்லவே பின்னிய கதை போலத் தெரிகிறது. ஆனாலும் குஜராத், ராஜஸ்தான் சமண நூலகங்களில் இந்தக் கதையின் ஓவியச் சுவடிகள் ஏராளம். சக அரசர்களுக்கு அந்த ஓவியர்கள் போட்டிருக்கும் உடுப்பும் தொப்பியும் தனி அழகு.

இரண்டாம் சந்திரகுப்தர்தான் விக்கிரமாதித்தனா?

பள்ளிப் பாடப் புத்தகம் படித்தவர்கள் ஆம் என்பார்கள், அதில் பாதி உண்மை இருக்கிறது. குப்த மன்னர் இரண்டாம் சந்திரகுப்தர் (ஏறத்தாழ கி.பி. 380 முதல் 415 வரை) தம் நாணயங்களில் விக்கிரமாதித்தன், சிம்மவிக்கிரமன் என்றெல்லாம் பட்டம் பொறித்துக்கொண்டார். குஜராத்தையும் மாளவத்தையும் நீண்ட காலம் ஆண்ட மேலைச் சத்ரபர்கள் என்னும் சக மரபை அவர்தான் முடித்து வைத்தார். அவர்களுடைய வெள்ளிக்காசு அச்சிலேயே தம் காசையும் வெளியிட்டார். விதிசாவுக்கு அருகே உதயகிரிக் குகையில் அவருடைய அமைச்சர் வீரசேனர், உலகையே வெல்ல விரும்பிய அரசரோடு தாம் இங்கே வந்ததாக எழுதி வைத்திருக்கிறார். சக எதிரி, மாளவ வெற்றி, புலவர் ஆதரவு, பட்டம், எல்லாம் பொருந்துகிறது.

பொருந்தாதது காலம். கி.மு. 57-க்கும் இவருக்கும் 400 ஆண்டுக்கு மேல் இடைவெளி. தலைநகரும் பாடலிபுத்திரம்.

இவரைப் பற்றியே ஒரு பழைய நாடகமும் உண்டு, இன்று துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. விசாகதத்தர் எழுதிய தேவீசந்திரகுப்தம் அது. அண்ணன் ராமகுப்தன் சக அரசனிடம் மாட்டிக்கொண்டு, உயிர் தப்ப மனைவி துருவதேவியைக் கொடுக்கச் சம்மதிக்கிறான். தம்பி சந்திரகுப்தன் பெண்வேடத்தில் பகைவர் பாசறைக்குள் போய்ச் சக அரசனைக் கொல்கிறான். ராமகுப்தன் வெறும் கற்பனை என்று நெடுநாள் சொன்னவர்கள், விதிசாவை அடுத்து அவன் பெயர் பொறித்த சமணச் சிலைகள் கிடைத்தபின் கொஞ்சம் அடங்கினார்கள்.

போட்டிக்கு இன்னொருவரும் இருக்கிறார், இரண்டாம் சந்திரகுப்தரின் பேரன் ஸ்கந்தகுப்தன். கதாசரித்சாகரம் என்ற வடமொழிக் கதைத் தொகுப்பில் உஜ்ஜயினி விக்கிரமாதித்தனின் தந்தை பெயர் மகேந்திராதித்தியன். அது ஸ்கந்தகுப்தனின் தந்தை முதலாம் குமாரகுப்தரின் பட்டப்பெயர். ஹூணர்களை எதிர்த்து நின்ற ஸ்கந்தகுப்தனும் விக்கிரமாதித்தன் என்ற பட்டம் கொண்டவன்தான். மூன்று நான்கு நிஜ மனிதர்களின் நினைவு ஒரே கதாநாயகன் மேல் படிந்திருக்கிறது என்பதே எனக்கு ஏற்புடைய விளக்கம்.

இந்தச் சந்தேகமெல்லாம் ஆங்கிலேயர் வந்தபின் கிளம்பியதுதானே?

இல்லை. கி.பி. 1030-ஐ ஒட்டி இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி இதைக் கேட்டுவிட்டார். மூல்தானுக்கு அருகே கரூர் என்ற இடத்தில் விக்கிரமாதித்தன் சக அரசனைக் கொன்றான் என்று மக்கள் சொல்வதை அவர் பதிவு செய்கிறார். (நம் அமராவதிக் கரையில் இருக்கும் கரூர் இல்லை.) பிறகு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆண்டு தொடங்கியதற்கும் சகனைக் கொன்றதற்கும் இடையே காலம் மிக அதிகம், ஆண்டுக்குப் பெயர் தந்த விக்கிரமாதித்தன் வேறு, சகனைக் கொன்ற விக்கிரமாதித்தன் வேறு, பெயர் மட்டும் ஒன்று என்று முடிக்கிறார்.

காளிதாசன் உள்ளிட்ட நவரத்தினங்கள் அவன் அவையில் இருந்தார்களா?

தன்வந்திரி, க்ஷபணகர், அமரசிம்மர், சங்கு, வேதாளபட்டர், கடகர்ப்பரர், காளிதாசர், வராகமிகிரர், வரருசி: இதுதான் பட்டியல். இது ஜோதிர்விதாபரணம் என்ற சோதிட நூலில் வருகிறது. அந்நூல் காளிதாசர் எழுதியதாகவே தன்னைச் சொல்லிக்கொள்கிறது, ஆனால் மிகப் பிற்காலத்தது.

பட்டியலைக் கவிழ்ப்பவர் வராகமிகிரர். அவர் தம் வானியல் கணக்குக்கு எடுத்துக்கொண்ட தொடக்கம் சக ஆண்டு 427, அதாவது கி.பி. 505. கி.மு. 57-இல் அவர் எங்கே இருந்திருக்க முடியும்? காளிதாசர் காலம் இன்னும் உறுதியாகத் தெரியாவிட்டாலும் கி.பி. 634-க்குரிய ஐஹொளே கல்வெட்டு அவர் பெயரைச் சொல்வதால் அதற்கு முந்தியவர் என்பது நிச்சயம். குப்தர் காலம் என்பதே பெரும்பாலோர் கருத்து. அக்பரின் அவையிலும் ‘ஒன்பது ரத்தினங்கள்’ என்று பிறகு பேசப்பட்டதற்கு இந்தப் பட்டியல்தான் முன்மாதிரி.

வேதாளக் கதையின் அரசன் இவன்தானா?

இப்போது இவன்தான். முன்பு வேறு ஒருவன்! குணாட்டியர் பைசாச மொழியில் எழுதியதாகச் சொல்லப்படும் பிருகத்கதை தொலைந்து போனது. அதன் வழிவந்ததாக, பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர் அரசி சூரியமதிக்காகக் கதாசரித்சாகரத்தை எழுதினார். அதில் வேதாளத்தைச் சுமப்பவன் கோதாவரிக் கரைப் பிரதிஷ்டானத்து அரசன் திரிவிக்கிரமசேனன். உஜ்ஜயினி விக்கிரமாதித்தன் அதே நூலில் வேறொரு பகுதியில் தனியாக வருகிறான். பின்னால் வந்த கதைசொல்லிகள் இருவரையும் ஒன்றாக்கிவிட்டார்கள். பெயரில் ‘விக்கிரம’ இருந்தது போதுமானதாக இருந்திருக்கிறது. சிறிய புகழைப் பெரிய புகழ் இழுத்துக்கொள்வது இப்படித்தான்.

வேதாளம் தொங்கிய மரமும் மாறிவிட்டது. வடமொழியில் சிம்சபா என்னும் காட்டு மரம். தமிழில் முருங்கை. ஒடிந்து விழும் முருங்கையில் ஒரு பிணம் தொங்குமா என்று யாரும் கேட்கவில்லை, ‘வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிட்டது’ என்று பழமொழியே பிறந்துவிட்டது. குடியை விட்டவர் மறுபடி தொடங்கினால் வீட்டில் கேட்கிற முதல் வாக்கியம் அதுதான்.

வேதாளக் கதை கடைசியில் எப்படி முடிகிறது? பலருக்கு அது தெரிவதில்லை.

காரணம் இருக்கிறது. சென்னையில் 1947-இல் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய அம்புலிமாமா, வேதாளக் கதையை மாதாமாதம் புதிது புதிதாகச் சொல்லிக்கொண்டே போனது. மூலத்தில் 25 கதைகள்தான். பத்திரிகையிலோ பல பத்தாண்டுகள் முடிவில்லாமல் ஓடியது. ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம், வாளோடு நடக்கும் அரசன், தோளில் பிணம், பின்னால் சுடுகாடு, பல மொழி வாசகர்களுக்கு விக்கிரமாதித்தன் முகமே ஆகிவிட்டது. ‘சற்றும் மனம் தளராத விக்கிரமன்’ தேர்தலில் தோற்றுத் தோற்று நிற்கும் வேட்பாளருக்கும் இன்று பொருந்துகிறது. ஆகவே முடிவை யாரும் எட்டவே இல்லை.

முடிவு இது. ஒரு சந்நியாசி நாள்தோறும் அவைக்கு வந்து ஒரு பழம் கொடுப்பான். அரசன் அதைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துவிடுவான். ஒருநாள் குரங்கு ஒன்று பழத்தைக் கடிக்க, உள்ளே ரத்தினம். பழைய பழங்களைத் தேடிப் பார்த்தால் எல்லாவற்றிலும் ரத்தினம். கைம்மாறாகச் சந்நியாசி கேட்டது ஓர் உதவி: அமாவாசைக்கு முன்னிரவில் சுடுகாட்டு மரத்தில் தொங்கும் பிணத்தைக் கொண்டுவர வேண்டும், வழியில் பேசக் கூடாது. பிணத்துக்குள் வேதாளம். அது கதை சொல்லிக் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும். வாய் திறந்தால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாத மனிதனுக்கு இதைவிடக் கொடிய பொறி கிடையாது.

கடைசிக் கதையில் ஓர் அரசனும் மகனும் காட்டில் இரண்டு பெண்களின் காலடித் தடத்தைப் பார்க்கிறார்கள். பெரிய பாதம் தாயுடையதாக இருக்கும், அவளைத் தந்தை மணப்பது, சிறிய பாதத்தாளை மகன் மணப்பது என்று ஒப்பந்தம். நேரில் பார்த்தால் பெரிய பாதம் மகளுக்கு! சொன்ன சொல் மாறாமல் தந்தை மகளையும், மகன் தாயையும் மணக்கிறார்கள். அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? அரசனுக்கு விடை தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். இத்தனை அலைச்சலிலும் தளராத அந்தத் துணிவுக்கு மகிழ்ந்துதான் வேதாளம் உண்மையைச் சொல்கிறது: அந்தச் சந்நியாசி உன்னையே பலி கொடுக்கப் போகிறான், கீழே விழுந்து வணங்கச் சொல்வான், ‘நான் அரசன், எனக்கு வணங்கத் தெரியாது, நீ செய்து காட்டு’ என்று சொல். அப்படியே நடக்கிறது. குனிந்த சந்நியாசியின் தலை போகிறது.

முப்பத்திரண்டு பதுமைகள் யார்?

இந்திரன் கொடுத்த சிம்மாசனத்தின் படிகளில் நின்ற பதுமைகள். ரம்பை, ஊர்வசி இருவரில் நடனத்தில் யார் சிறந்தவர் என்று தேவலோகத்தில் தகராறு வர, தீர்ப்புச் சொல்ல விக்கிரமாதித்தனை அழைக்கிறார்கள். ஊர்வசி என்று காரணத்தோடு சொல்கிறான், சிம்மாசனம் பரிசாகக் கிடைக்கிறது. அவன் இறந்தபின் உட்காரத் தகுதியான ஆள் இல்லையென்று அதைப் புதைத்துவிடுகிறார்கள்.

நூற்றாண்டுகள் போகின்றன. அந்த நிலத்தில் ஒருவன் பயிர் செய்கிறான், காவலுக்குப் பரண் கட்டுகிறான். பரண்மேல் இருக்கும்போது போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு, வேண்டியதைப் பறித்துத் தின்னுங்கள் என்கிறான். கீழே இறங்கியதும் ‘ஐயோ, என் பயிர் போச்சே’ என்று அடித்து விரட்டுகிறான். இதைக் கேள்விப்பட்ட தாரா நகரத்துப் போஜராஜன் தோண்டிப் பார்க்கச் சிம்மாசனம் வெளியே வருகிறது. உட்காரப் போகும்போது ஒவ்வொரு பதுமையாக வாய் திறந்து விக்கிரமாதித்தனின் ஒரு செயலைச் சொல்லி, ‘உன்னால் இது ஆகுமா?’ என்று கேட்கிறது.

போஜன் கற்பனை இல்லை. பரமார மரபில் பதினோராம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆண்டவர், தாமே நூல்கள் எழுதிய அறிஞர். அப்படிப்பட்ட நிஜ அரசரை நிற்க வைத்து, கதையரசனோடு ஒப்பிட்டு ‘நீ போதாது’ என்று சொல்லும் துணிச்சல் இந்தக் கதைக்கு இருக்கிறது. பதுமைகள் புகழ்வதில் போர் வெற்றி குறைவு, கொடையும் துணிவும்தான் அதிகம். அரசர்கள் தங்களைப் பற்றி எழுதிவைத்த மெய்க்கீர்த்திகளை இதோடு வைத்துப் படித்தால் வித்தியாசம் புரியும்.

இந்தக் கதை நெடுந்தூரம் பயணித்தது. அக்பர் கேட்டுக்கொண்டபடி 1574-இல் வரலாற்றாசிரியர் பதாயூனி பாரசீகத்தில் பெயர்க்கத் தொடங்கினார். மங்கோலியாவில் போஜராஜன் ‘அர்ஜி போர்ஜி கான்’ ஆனார்.

‘காடாறு மாதம், நாடாறு மாதம்’ என்பதும் இவன் கதையா?

ஆம். தமிழில் ‘பெரிய எழுத்து’ப் பதிப்பாக வந்த விக்கிரமாதித்தன் கதையில் இது தம்பியும் மந்திரியுமான பட்டியின் கெட்டிக்காரத்தனம். சிம்மாசனத்தில் அமர்ந்து ஆயிரம் ஆண்டு ஆளலாம் என்று விக்கிரமாதித்தனுக்கு வரம் கிடைக்கிறது. பட்டியோ காளியிடம் இரண்டாயிரம் ஆண்டு ஆயுள் வாங்கிவிடுகிறான். அண்ணன் இல்லாத ஆயிரம் ஆண்டை என்ன செய்வது? வரம் ‘சிம்மாசனத்தில் அமர்ந்து’ ஆயிரம் ஆண்டு என்றுதானே சொல்கிறது, ஆறு மாதம் அமர்ந்து ஆளு, ஆறு மாதம் காட்டில் திரி, இரண்டாயிரமாகிவிடும் என்கிறான். வக்கீல் மூளை. காட்டில் திரியும் ஆறு மாதத்தில்தான் கதைகள் எல்லாம் நடக்கின்றன என்பதால் கதைசொல்லிக்கும் வசதி.

அவன் எப்படி இறந்தான்?

பிரதிஷ்டானத்தில், இன்றைய மகாராஷ்டிரத்துப் பைட்டணத்தில், சாலிவாகனனோடு நடந்த போரில். நாகத்துக்கும் சிறுமிக்கும் பிறந்தவனாகச் சொல்லப்படும் சாலிவாகனன் குயவர் வீட்டில் வளர்கிறான். அவன் விளையாடச் செய்த மண் யானைகளும் மண் குதிரைகளும் உயிர்பெற்றுப் போருக்கு வருகின்றன. கி.பி. 78-இல் தொடங்கும் சக ஆண்டுக்கு நம் பஞ்சாங்கங்களில் ‘சாலிவாகன சகாப்தம்’ என்று பெயர் இருப்பது இவனால்தான். சாதவாகனர் நினைவே சாலிவாகனனாக உருமாறியது என்பார்கள்.

யார் யார் இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள்? தமிழ்நாட்டோடு தொடர்பு உண்டா?

தக்காணத்துச் சாளுக்கியரிடம் இந்தப் பெயர் குடும்பச் சொத்து. வாதாபியின் முதலாம் விக்கிரமாதித்தர் கி.பி. 674-இல் காவிரித் தென்கரையில் உறையூரில் பாசறை போட்டிருந்தார், அவருடைய கத்வால் செப்பேடு சொல்கிறது. காஞ்சியைப் பிடித்ததாகவும் பெருமை பேசுகிறது. பல்லவர்களின் கூரம் செப்பேட்டைப் புரட்டினால் கதை வேறு: பெருவளநல்லூரில் பரமேசுவரவர்மன் அடித்த அடியில் விக்கிரமாதித்தன் கந்தையைச் சுற்றிக்கொண்டு ஓடினானாம்.

இரண்டாம் விக்கிரமாதித்தர் எட்டாம் நூற்றாண்டில் காஞ்சிக்குள் நுழைந்தார். ஊரைக் கொள்ளையடிக்கவில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாக அங்கேயே கன்னடத்தில் எழுதி வைத்தார். காஞ்சிக்குப் போகிறவர்கள் அந்தத் தூணைப் பார்க்காமல் வராதீர்கள். பட்டத்துக்கு உரிய கதையரசன் செய்திருக்கக்கூடிய காரியம் அது.

கல்யாணியின் ஆறாம் விக்கிரமாதித்தர் (1076–1126) இன்னும் ஒரு படி மேலே போனார். வீரராசேந்திர சோழரின் மருமகன் இவர். சக ஆண்டை ஒதுக்கிவிட்டு 1076-இல் ‘சாளுக்கிய விக்கிரம ஆண்டு’ என்று சொந்தக் கணக்கே தொடங்கினார். காஷ்மீரத்துப் பில்ஹணர் வந்து காவியம் பாடினார், விஞ்ஞானேசுவரர் இவர் காலத்தில் மிதாட்சரம் என்ற சட்ட உரைநூலை எழுதினார். பெயர், ஆண்டு, புலவர் மூன்றும் வந்தன. ஆண்டு மட்டும் அவருக்குப்பின் அதிக காலம் நிற்கவில்லை.

தென்கோடியில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன், ஸ்ரீமூலவாசம் பௌத்தப் பள்ளிக்கு நிலம் கொடுத்ததைப் பாலியம் செப்பேடு சொல்கிறது. கர்நாடகத்தில் குத்தல் என்ற ஊர்ச் சிற்றரசர்கள் தாங்கள் சந்திரகுப்த விக்கிரமாதித்தன் வழிவந்த உஜ்ஜயினித் தலைவர்கள் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் மெய்க்கீர்த்தி எழுதிக்கொண்டார்கள். கடைசிப் பெரிய பெயர் ஹேமு. 1556 அக்டோபரில் தில்லியைப் பிடித்து விக்கிரமாதித்தன் என்று முடிசூடினார். நவம்பர் 5-ஆம் தேதி இரண்டாம் பானிப்பட்டுப் போரில் கண்ணில் அம்பு பட்டு விழுந்தார்.

அரசர்களை விட்டால், சாமி வழியாகவும் அவன் நம்மூர் வந்திருக்கிறான். தென்மாவட்டங்களில் உஜ்ஜயினிக் காளியான உச்சினிமாகாளி அம்மனுக்கு எத்தனை கோயில்! சமயபுரத்துக்கு அருகே மாகாளிக்குடி அம்மனை விக்கிரமாதித்தனே கொண்டுவந்து வைத்தான் என்பது தலபுராணம். திருவிடைமருதூரில் பட்டினத்தாரின் சீடராகக் கும்பிடப்படும் பத்திரகிரியாரும் உஜ்ஜயினி அரசராக இருந்து துறவு பூண்டவர் என்றே மரபு சொல்கிறது. வடக்கே விக்கிரமனின் அண்ணன் பர்த்ருஹரி மனைவியின் துரோகத்தால் துறவியான கதையோடு இதைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு.

இந்திய அரசு ஏன் விக்கிரம ஆண்டை எடுக்காமல் சக ஆண்டை எடுத்தது?

மேகநாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22-இல் சக ஆண்டு தேசிய நாட்காட்டியானது. வானியல் நூல்கள் கணக்குப் போடப் பயன்படுத்தியது பெரும்பாலும் சக ஆண்டுதான், விக்கிரம ஆண்டோ ஊருக்கு ஊர் வேறு மாதத்தில் தொடங்குகிறது. ஆனால் அரசியல் சாசனத்தின் இந்தி முகவுரையைப் பாருங்கள்: 1949 நவம்பர் 26-க்குப் பக்கத்தில் ‘சம்வத் 2006 விக்ரமி’ என்று இருக்கும். விக்கிரமன் பக்கத்து வாசலால் உள்ளே வந்துவிட்டான்.

நேபாளத்தில் அரசுக் கணக்கே விக்கிரம ஆண்டுதான். அங்கே வைசாக முதல் நாள் நம் சித்திரை முதல் நாளையொட்டியே வரும், இரண்டும் சூரியக் கணக்கு என்பதால்.

விக்கிரம ஆண்டை எப்படிக் கணக்கிடுவது?

கி.பி. ஆண்டோடு 57-ஐக் கூட்டுங்கள். புத்தாண்டு பிறப்பதற்கு முந்திய மாதங்களுக்கு 56. வட இந்தியாவில் சைத்ர மாதத்து வளர்பிறைப் பிரதமையிலும், குஜராத்தில் தீபாவளியை அடுத்தும் புத்தாண்டு பிறக்கும். 2025 ஏப்ரல் பிற்பகுதியில் காத்மாண்டில் 2082, அகமதாபாத்தில் இன்னும் 2081.

அவன் அரேபியாவையும் ரோமாபுரியையும் ஆண்டான் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

இஸ்தான்புல் நூலகத்தில் ஒரு பழைய அரபுத் தொகுப்பு இருக்கிறது, அதில் விக்கிரமாதித்தனைப் புகழும் கவிதை இருக்கிறது என்பது அந்தச் செய்தியின் சாரம். சரிபார்க்கக்கூடிய எந்தச் சுவடியும் காட்டப்பட்டதில்லை. அனுப்பியவரிடம் சுவடியின் எண்ணைக் கேளுங்கள், உரையாடல் அங்கேயே நின்றுவிடும்.

இன்று அவன் பெயர் எங்கெல்லாம் இருக்கிறது?

விக்கிரம ஆண்டு 2000 பிறந்த 1943–44-இல் குவாலியரிலும் உஜ்ஜயினியிலும் ஈராயிரம் ஆண்டு விழா கொண்டாடினார்கள். அந்நியரை விரட்டிய அரசன் என்ற நினைவுக்கு அந்தக் காலத்தில் என்ன பொருள் இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1945-இல் பிருத்விராஜ் கபூர் இந்திப் படத்தில் விக்கிரமாதித்தன் ஆனார், 1962-இல் தமிழில் எம்.ஜி.ஆர். 1985-இல் தூர்தர்ஷனில் நடிகர் அருண் கோவில் வேதாளத்தைச் சுமந்தார், ராமாயணத் தொடரில் ராமராக வருவதற்கு முன். ரஷ்யாவிடமிருந்து வாங்கிய விமானந்தாங்கிக் கப்பல் 2013 நவம்பரில் ஐ.என்.எஸ். விக்ரமாதித்யா ஆனது. உஜ்ஜயினியில் 2024-இல் ‘விக்ரமாதித்ய வேதக் கடிகாரம்’ திறந்தார்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்ல எந்தக் கதையில் தொடங்கலாம்?

மூன்று நுண்ணுணர்வுக்காரர்கள் கதையில். ஒருவன் சோற்றை முகர்ந்துவிட்டு இந்த நெல் சுடுகாட்டுப் பக்கத்து வயலில் விளைந்தது என்கிறான். அடுத்தவன் அலங்கரித்து வந்த பெண்ணிடம் ஆட்டுவாடை அடிக்கிறது என்கிறான். விசாரித்தால் குழந்தையில் ஆட்டுப்பால் குடித்து வளர்ந்தவள். மூன்றாமவன் ஏழு மெத்தைக்கு மேல் படுத்தும் அலறி எழுகிறான். கடைசி மெத்தைக்கு அடியில் ஒரு தலைமுடி, அதன் தடம் அவன் முதுகில் சிவந்திருக்கிறது. யார் பெரியவன்? மெத்தைக்காரன் என்கிறான் அரசன், மற்ற இருவரும் முன்பே விசாரித்து வைத்திருக்கலாம், முதுகுத் தடத்தை யாராலும் விசாரித்து வரவழைக்க முடியாது. பத்து வயதுப் பிள்ளை இதற்கு மறுப்புச் சொல்லும், சொல்லட்டும்.

தலை மாறிய கணவன் கதையையும், செத்த மந்தாரவதியை மூன்று காதலர்கள் காத்த கதையையும் கொஞ்சம் வளர்ந்தபின் சொல்லலாம். பெரிய எழுத்துப் புத்தகத்தை அப்படியே கையில் கொடுத்துவிடாதீர்கள். பெண்களைப் பற்றி அதில் வரும் சில இடங்களை நீங்கள் முதலில் படித்துவிட்டு, எதை விடுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.